மூட்டுப் படத்தைக் காட்டி நான் சொன்ன சாட்சி

சபையாருக்கு என் தோத்திரம். இதைத் தலை குனிந்துதான் எழுதுகிறேன்.

2009-ல் என் மனைவி கிரேஸுக்கு வலது காதுக்கு முன்னால், தாடை மூட்டில் வலி வந்தது. வாயைத் திறந்தால் கடக்கென்று சத்தம். கொட்டாவி விடக்கூடப் பயப்படுவாள். கீரப்பாளையம் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர் அவள். நாள் முழுக்கப் பிள்ளைகளோடு கத்திவிட்டு வந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். சோறு மெல்ல முடியாது, கஞ்சிதான். நான் பயந்துபோனேன். மூன்று நாள் உபவாசம் இருந்து அழுது ஜெபித்தேன்.

அப்புறம் கடலூரில் ஒரு பல் டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்து, "மூட்டு எலும்பு நல்லா இருக்கு" என்றார். மேற்கொண்டு தசை, மாத்திரை, மறுபடி வாங்க என்று ஏதோ சொன்னார். நான் எங்கே கேட்டேன்? சிதம்பரத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவன் நான். பேரிங் தேயாமல் இருந்தால் தொந்தரவு இல்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எலும்பு நன்றாக இருந்தால் வலி ஏது? கர்த்தர் தொட்டுவிட்டார் என்று நானே முடிவு கட்டினேன்.

அந்த ஞாயிறே சாட்சி நேரத்தில் படத்தைத் தூக்கிக் காட்டினேன். "என் மனைவிக்குப் பூரண சுகம்!" சபையே கைதட்டியது. பாஸ்டர் படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். பெண்கள் பக்கம் கிரேஸ் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும், "மாமா, இன்னும் வலிக்குதே" என்றாள்.

"சாட்சி சொல்லியாச்சு. இனிமே வலிக்குதுன்னா அது அவிசுவாசம். என் மானத்த வாங்காத."

அதற்கப்புறம் அவள் வாயே திறக்கவில்லை. நானும் அந்த அற்புதத்தை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன், ஒரு வருஷத்துக்கு மேல்.

2010 கடைசியில் எனக்கு வலது கடைவாய்ப் பல் ஆடியது. அதே டாக்டர் தாடை முழுக்கப் படம் எடுத்தார். "சார், உங்க இடது மூட்டு தேஞ்சு தட்டையா இருக்கு. வலிக்குதா?" என்றார்.

"இல்லீங்களே. அந்தப் பக்கந்தான் கறி எலும்பே கடிக்கிறேன்."

"சிலருக்கு அப்படித்தான். மூட்டு தேஞ்சிருக்கும், வலி இருக்காது. சிலருக்கு மூட்டு நல்லா இருக்கும், வலி உயிர் போகும். தசையில இருக்கலாம், உள்ள ஜவ்வுல இருக்கலாம். படத்துல வலி தெரியாது சார், ஆளத்தான் கேக்கணும். ஆமா, உங்க வீட்டம்மா ஏன் அப்புறம் வரவே இல்ல?"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சிதம்பரம் வரும்வரை பஸ்ஸில் ஜெபித்தேன். சுகம் கேட்கவில்லை. ஆண்டவரே, அவள் என்னிடம் உண்மையைச் சொல்லட்டும் என்று மட்டும் கேட்டேன்.

"வலிக்குதா கிரேஸு?" என்றேன்.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "தெனமும் வலிக்குது மாமா. கஞ்சி குடிச்சா உங்களுக்குத் தெரிஞ்சிடும்னு ஸ்கூல்லயே குடிச்சிடுவேன். இங்க உங்ககூட உக்காந்து சோத்த மெல்லாம முழுங்குவேன். உங்க சாட்சி பொய்யாயிடக் கூடாதுல்ல."

என் பக்கத்தில் உட்கார்ந்துதான் தின்றிருக்கிறாள். நான் கவனிக்கவே இல்லை. அவள் காலைப் பிடித்து அழுதேன்.

அடுத்த ஞாயிறு எழுந்து நின்று, "நான் சொன்னது பொய்ச் சாட்சி" என்றேன். யாரும் கைதட்டவில்லை. பெண்கள் பக்கமிருந்து ஒரு சகோதரி மெதுவாக, "பாஸ்டர், எனக்கும் இடுப்பு இன்னும் வலிக்குது" என்றார்.

டாக்டர் ராத்திரியில் பல்லின் மேல் மாட்டிக்கொள்ள ஒரு தட்டு செய்து கொடுத்தார். ஒத்தடம், வாய்ப் பயிற்சி, மாத்திரை. ஆறேழு மாதத்தில் கிரேஸ் சப்பாத்தி மென்றாள். இதை எழுதுவது 2012-ல். வலி முழுதாகப் போகவில்லை. பனிக்காலத்தில் எட்டிப் பார்க்கும். ஆனால் வலித்தால் என்னிடம் சொல்கிறாள். என் ஜெபத்துக்குத் தேவன் தந்த பதில் அதுதான், அவருக்கே மகிமை.

பிரியமானவர்களே, நம்பி ஜெபியுங்கள், அவர் கேட்கிறார். சபையில் எழுந்து நிற்பதற்கு முன்னால் மட்டும், வலிக்கிறவரிடம் போய் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.