கோரஸாகப் படித்த இங்கிலீஷ் வார்த்தைகள்

கீழே மிட்டாய்க் கடையில் பூந்தி பொரியும் வாசனை. மாடியில் நாங்கள், ஒரே குரலில்...

"ரிஜெக்ட், நிராகரி. ரிலாக்ஸ், ஓய்வெடு. ரிலக்டன்ட், தயக்கமான..."

ஸ்ரீரங்கத்தில் நான் படித்த கோச்சிங் சென்டர் அது. பிளஸ் டூவிலேயே சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்வார்கள். தலையணை சைஸில் ஒரு வார்த்தைப் புத்தகம் கொடுத்து, வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கச் சொல்வார்கள். தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு இதை விட்டால் வழியில்லை என்பார் சார். நானும் திருவெள்ளறையிலிருந்து பஸ் ஏறி வந்து, தொண்டை வறள ஒப்பித்தேன்.

ஒருநாள் மாதிரித் தேர்வு. பத்தியில் "ரிலக்டன்ட்" வந்தது. அர்த்தம் வரவில்லை. "ரிஜெக்ட்"டில் ஆரம்பித்து முணுமுணுத்துக்கொண்டே வந்தால்தான் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன்... எல்லார் உதடும் அசைந்துகொண்டிருந்தது. பாதிக் கேள்வி பாக்கி இருக்கும்போதே நேரம் முடிந்துவிட்டது.

அன்றோடு அந்தப் புத்தகத்தைப் பரண்மேல் போட்டேன்.

எனக்குக் கிரிக்கெட் பைத்தியம். டிவியில் பார்த்த மேட்சைப் பற்றி மறுநாள் இங்கிலீஷ் பேப்பரில் வரும். நடந்தது எனக்குத் தெரியும், அதனால் தெரியாத வார்த்தைகூட என்ன சொல்லவருகிறது என்று புரிந்துவிடும். பேப்பர் போடுகிறவரிடம் நானே சொல்லி, வீட்டுக்கு வந்துகொண்டிருந்த தமிழ்ப் பேப்பரை நிறுத்தி இங்கிலீஷ் பேப்பர் போடவைத்தேன்.

வாழைத்தோப்பிலிருந்து வந்த அப்பா அதை விரித்தார்.

"ராசிபலன் எங்கம்மா?"

"இதுல அது வராதுப்பா."

விஷயம் தெரிந்ததும் பிடித்துக்கொண்டார்.

"சார் குடுத்த புக்க விட்டுட்டு, பந்து அடிச்ச கதையப் படிச்சா சீட்டு குடுத்துடுவாங்களா? சீட்டு கிடைக்கலன்னா, பொண்ணு கேட்டு வந்த லால்குடி மாப்பிள்ளை வீட்டுக்குச் சரின்னு சொல்லிடுவேன். அப்புறம் அழக் கூடாது."

"சொல்லிக்குங்கப்பா. அந்தப் புக்க மட்டும் என்னால ஒப்பிக்க முடியாது."

வாய்தான் அப்படிப் பேசியது. உள்ளுக்குள் பயம்தான், பொய் சொல்வானேன். கோச்சிங் சாரும் "திமிரு புடிச்ச பொண்ணு" என்று வகுப்பிலேயே சொன்னார். கோரஸ் நடக்கும்போது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வேண்டுமென்றேதான்.

தேர்வில் தெரியாத வார்த்தைகள் நிறைய வந்தன. முன்னே பின்னே படித்து, இப்படித்தான் இருக்கும் என்று எழுதினேன். சீட் கிடைத்தது. லால்குடிக்காரருக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது... நல்லா இருக்கட்டும்.

இப்போது புத்தூரில் வீடு, கோர்ட்டில் வக்கீல் வேலை. என் மகள் பிளஸ் டூ. பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போன வாரம் இங்கிலீஷ் வார்த்தை மனப்பாடம் செய்ய ஒரு ஆப் வந்தது. எல்லாரும் சேர்ந்து எடுத்தால் சலுகையாம். "மேடம், நீங்க மட்டும்தான் பாக்கி" என்று மெசேஜ் மேல் மெசேஜ்.

முடியாது என்று சொல்லிவிட்டு, மகள் முன்னால் இங்கிலீஷ் பேப்பரை வைத்தேன். ஸ்போர்ட்ஸ் பக்கம்.

"அம்மா, எனக்குக் கிரிக்கெட்னாலே போர். அந்த ஆப்ல கார்டு கார்டா வருது, எனக்கு மனசுல நிக்குது. நீ தாத்தாகிட்ட சண்ட போட்டு உனக்குப் புடிச்சதப் படிச்ச. நான் மட்டும் ஏன் உனக்குப் புடிச்சதப் படிக்கணும்?"

பேப்பரை மடித்து வைத்தேன். எரிச்சலாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

நான் படித்தபோது எதிரே ஒரு அப்பா, ஒரு சார். முகத்தைப் பார்த்துச் சண்டை போடலாம். இப்போது யார் முகமும் தெரியாத ஒரு குரூப், கட்டைவிரல் பொம்மையைப் போட்டு முடிவு செய்துவிடுகிறது. அந்த நேருக்கு நேர் சண்டைகளை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

மகளுக்கு ஆப்பை வாங்கிக் கொடுத்தேன். பிறகு குரூப்பில் எழுதினேன்:

"என் பொண்ணு வேணும்னு கேட்டா, அதனால எடுத்துட்டேன். உங்க வீட்ல பிள்ளைங்ககிட்ட வேணுமான்னு யாராவது கேட்டீங்களா?"

எல்லாரும் படித்துவிட்டார்கள். இன்னும் ஒருத்தரும் பதில் போடவில்லை.