புறவாசல் சுவரும் ஐந்தெழுத்து விளையாட்டும்

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்துத் தறிவீட்டுக்கும் நடுவே, புறவாசலில், கழுத்தளவுக்கு ஒரு சுவர் இருந்தது. எண்பதுகளின் தொடக்கம். தெரு முழுக்க விசைத்தறி இரைச்சல்தான். பழகிய பிறகு அது நின்றால்தான் எங்களுக்கு நிலைகொள்ளாது. நான் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்துவிட்டு, ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைக்காமல் வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு வாய் நீளம் என்பது அம்மாவின் தீராத குறை.

அந்தத் தறிவீட்டுக்கு ராயகிரிப் பக்கமிருந்து மருமகள் வந்தாள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், மதினி என்று கூப்பிட்டேன். அவளும் பாளையங்கோட்டை விடுதிப் பிள்ளைதான். வேறு பள்ளிக்கூடம் என்றாலும் விடுதிகளில் ஓடிய விளையாட்டு ஒன்றுதான். ஒருத்தி இத்தனை எழுத்து, அதில் இன்னின்ன எழுத்து இருக்க வேண்டும் என்பாள். மற்றவள் அதற்கு ஒரு ஆங்கிலச் சொல் கண்டுபிடிக்க வேண்டும். அகராதியைத் தொடக் கூடாது.

"அஞ்செழுத்து. ஓ இருக்கணும், என் இருக்கணும்" என்பேன், கையில் சாம்பலும் தேங்காய் நாருமாக.

"ஆனியன்" என்பாள், நான் அடுத்த பாத்திரத்தை எடுப்பதற்குள்.

அவளுடைய மாமியாரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். அஞ்செழுத்து என்று காதில் விழுந்ததும், கிறிஸ்தவ வீட்டு வேதக்காரப் பிள்ளை நமசிவாயம் சொல்லப் படிக்கிறது என்று முதலில் அவளுக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் நிற்கவில்லை.

ஒரு சாயங்காலம் கரண்டு போனது. தெருவில் அத்தனை தறியும் ஒன்றாக நின்றன. அந்த நிசப்தத்தில் பக்கத்து வீட்டில் அடி விழுகிற சத்தம் கேட்டது. மூன்றாவதோ நான்காவதோ அடியில் அதுவும் நின்றது. தறி ஓடவில்லை என்பது மதினியை அடித்த அவள் புருஷனுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். அம்மா அகப்பையைக் கீழே வைத்தாள். அப்பா குடும்ப ஜெபத்தை முன்கூட்டியே, வழக்கத்தைவிட உரக்க ஆரம்பித்தார். அப்பா மேல் அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை.

மறுநாள் மதினி சேலைத் தலைப்பால் தோளை மூடிக்கொண்டு வந்தாள். நான் கேட்க வாயெடுப்பதற்குள், "எழுத்தச் சொல்லு" என்றாள். தறி ஓடிய மற்ற சாயங்காலங்களில் எத்தனை அடி எங்களுக்குக் கேட்காமல் போயிருக்கும் என்று எண்ணியபடியே எழுத்தைச் சொன்னேன்.

அந்த வாரமே பெரியம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஏட்டி, ரெண்டு பேரும் இங்கிலீசுல எங்களப் பத்தி என்னத்தப் பேசுதிய?"

"ஒண்ணுமில்ல பெரியம்மா. விளையாட்டு."

"கெட்டிக்குடுத்த பிள்ளைக்கு என்னட்டி விளையாட்டு? நைட்டுன்னு சொன்னா. நைட்டுன்னா ராத்திரி, அது எனக்கும் தெரியும். அதுக்குப் பொறவு நைஃபுன்னு என்னமோ சொன்னாளே, அது என்னது?"

கேயும் எஃப்பும் வர வேண்டும் என்று கேட்டவளே நான்தான். "கத்தி" என்றேன்.

பெரியம்மா வாய்க்குள் எதையோ கூட்டிப் பார்ப்பது தெரிந்தது. ராத்திரி, கத்தி. வெங்காயத்தை அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாயே என்று அம்மா வைதாள். நான் சுவர்ப் பக்கம் போகவில்லை. சாயங்காலமானால் கரண்டு போய்விடுமோ என்று பயந்தேன். போகாமல் இருந்தால் அதைவிடப் பயந்தேன். அவளை அவன் கொன்றே போட்டாலும் தறிச் சத்தத்தில் நமக்கு எப்படித் தெரியும் என்று நினைத்து நினைத்துச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் அவளே சுவருக்கு மேலாகக் கூப்பிட்டாள்.

"ஏன்ட்டி வரமாட்டேங்க?"

"ஒங்களுக்குத்தான மதினி வம்பு."

"இப்ப அடிக்கதில்ல." குரலைத் தாழ்த்தினாள். "அத்தை அருவாமனைய ஒளிச்சு வச்சிருக்காவ. காய நறுக்கித்தான் தாராவ. அவரு அவுக அம்மைகிட்ட போயிப் படுத்துக்கிடுதாரு. பயப்படுதாவட்டி. நாம விளையாடுவோம். சத்தமா விளையாடுவோம்."

அவளுக்குப் பின்னால், அடுக்களை வாசலில், பெரியம்மா மிளகாய்க் காம்பு கிள்ளியபடி உட்கார்ந்திருந்தாள். மதினி திரும்பிப் பார்க்கவே இல்லை.

"ஆறெழுத்து. பி இருக்கணும், எஸ் இருக்கணும்" என்றாள், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

சொல் உடனே வந்துவிட்டது. அடுக்களை வாசலைப் பார்த்தேன்.

"சொல்லுட்டி."

"பாய்ஸன்" என்று கத்தினேன்.

பொழுது சாய்வதற்குள் பெரியம்மா வந்துவிட்டாள். இந்த முறை அதட்டல் இல்லை. "இன்னைக்கு என்னமோ சொன்னியளே மக்கா, அது என்னது?"

"விசம், பெரியம்மா."

நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு இறங்கிப் போனாள். மறுநாளிலிருந்து அவள் மகன் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஓட்டலில் சாப்பிடுவதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். பெரியம்மா தனியாக உலை வைத்துக்கொண்டாள். எத்தனையோ தடவை கரண்டு போனது, ஒரு சத்தமும் கேட்கவில்லை. எனக்கு அதில் சந்தோஷம்தான். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று மதினியோடு பேசும்போது மட்டும், அவள் கையை அடிக்கடி பார்க்க ஆரம்பித்திருந்தேன்.

ஆடித் தபசுத் திருவிழா அன்றைக்குச் சுவருக்கு மேல் மதினி ஒரு டம்ளர் பாயசத்தை நீட்டினாள்.

"ஒனக்குன்னு தனியா எடுத்து வச்சேன். குடிட்டி."

வாங்கினேன். "சூடு ஆறட்டும் மதினி" என்றேன். டம்ளரில் சூடே இல்லை.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு டம்ளரை என் கையிலிருந்து வாங்கி, ஒரு மிடறு குடித்துக் காட்டிவிட்டு, மறுபடியும் என்னிடம் நீட்டினாள்.