நாலாவது குழாயும் என் கருப்பு ஆடும்

எனக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். அவள் எல்லாவற்றையும் புத்தகத் தமிழாக்கிவிடுவாள் என்பதால், ஆட்கள் பேசியதை மட்டும் பேசியபடியே விடச் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் போன மாதம் ஒரு நோயைப் படித்துச் சொன்னேன். அந்தச் சந்தோஷம் இன்னும் அடங்கவில்லை.

என்னிடம் பதினோரு ஆடு. பட்டாசு வேலையை விட்ட பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. அதில் சினையாக இருந்த கருப்பு ஆட்டுக்கு உதடெல்லாம் புண் வந்தது. மூக்கு ஒழுகியது, இரை எடுக்கவில்லை. வாயில் புண் என்றாலே எங்கள் ஊரில் ஆட்டுக்கொல்லி என்றுதான் பயப்படுவார்கள். அது வந்தால் பட்டியே காலியாகிவிடும். பக்கத்து வீட்டு மதினி அன்றைக்கே வேலிப் படலைச் சாத்திவிட்டாள். அடிபம்புக்கு நான் அந்த வழியாகத்தான் போவேன்.

"ஒங்க ஆட்ட அங்கனயே கட்டுங்க மதினி. அது மூச்சு எங்க குட்டிக மேல பட்டுராம."

"என் மூச்சு படலாமாக்கும்?"

"அது படாத நாள் எது? நாங்கதான் தாங்கிக்கிட்டோமே."

மறுநாள் காலையில் கால்நடை டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்தார். சின்னப் பெண். கையில் டிபன் டப்பா அளவுக்கு ஒரு பெட்டி. அதிலிருந்து ஒரு வயர் பேட்டரிக்குப் போனது. பஞ்சுக் குச்சியால் ஆட்டின் புண்ணைத் துடைத்து எடுத்து, ரோஸ் நிறத் தண்ணீர் இருந்த நாலு குட்டிக் குழாய்களைத் தயார் செய்து பெட்டிக்குள் வைத்தார்.

"மொதக் குழாய் ஆட்டுக்கொல்லிக்கு, பாட்டி. ரெண்டாவது ஆட்டம்மைக்கு. மூணாவது சும்மா வாய்ப்புண்ணுக்கு. எந்தக் கிருமி இருக்கோ அந்தக் குழாய் மட்டும் மஞ்சளாகும்."

"நாலாவது?"

"அதுல நானே கிருமி வித்து போட்டிருக்கேன். அது எப்பவும் மஞ்சளாகணும். ஆகலைன்னா மத்த மூணையும் நம்பக்கூடாது."

கிருமியின் வித்து கண்ணுக்குத் தெரியாதாம். ஒரே சூட்டில் அரைமணி நேரம் வைத்தால் கோடி கோடியாகப் பெருகி நிறத்தை மாற்றிவிடுமாம். சூடு ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது.

"அடைகாக்குற கோழின்னு சொல்லுங்க."

"அதேதான். சூடு மட்டும் கோழியவிட ரொம்ப ஜாஸ்தி," என்று சொல்லிவிட்டு, மற்ற ஆடுகளைப் பார்க்கப் பின்பக்கம் போய்விட்டார்.

எனக்குக் கை சும்மா இருக்காது. பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது.

பாதி ஆயுசை அச்சங்குளத்துப் பட்டாசு கம்பெனியில் கழித்தவள் நான். வேனை விட்டு இறங்கியதும் வாசலில் இருக்கிற செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம், உடம்பில் இருக்கிற கரண்டு இறங்குவதற்காக. இன்றைக்கும் வீட்டு ஃபிரிட்ஜைத் திறக்குமுன் சுவரைத் தொடுவேன், பேத்தி சிரிப்பாள். இதை எழுதும்போதும் சிரிக்கிறாள். வெடிமருந்து அறைப் பக்கம் வயர் வரக்கூடாது, சூடேறுகிற எதுவும் உள்ளே இருக்கக்கூடாது என்று போர்மேன் கத்திக் கத்தி எலும்பில் ஏற்றிவிட்டார். என் கை என்னைக் கேட்கவில்லை. வயரைப் பிடுங்கியது. பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தி, குலுங்காமல் வெறுங்காலோடு நடந்து, கொல்லையில் கிடந்த மணல் குவியலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன்.

"பாட்டி, பெட்டி எங்க?"

"மணல்ல இருக்கு தாயி. சூடேறிருச்சு. நான் பாத்ததுனால தப்பிச்சுது."

டாக்டரம்மா ஓடிப்போய்த் திறந்தார். நாலு குழாயும் ரோஸாகவே இருந்தன. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வேலிக்கு மேலே எட்டிப்பார்த்த மதினிக்குக் கேட்கட்டும் என்று, "பாத்தீகளா, ஒரு நோயுமில்ல," என்றேன்.

"நாலாவதும் மாறலையே பாட்டி. அப்ப இது எதையுமே சொல்லலை. பாதியில அடைகாக்குற கோழிய எழுப்பி விட்டுட்டீக." கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். "இன்னும் ஒரே ஒரு செட்டுதான் இருக்கு. கையக் கட்டிக்கிட்டு உக்காருங்க."

புதுக் குழாய்களை வைத்து வயரை மாட்டினார். கையைக் கட்டினால் போதாது என்று உள்ளங்கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். கருப்பு ஆடு என்னையே பார்த்தது. வயிற்றில் இரண்டு குட்டி என்று அப்போதுதான் டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

"பெட்டி வெடிக்காது மதினி. நீங்கதான் வெடிச்சிருவீக போல," என்று வேலிக்கு அந்தப் பக்கம் குரல் வந்தது. அவளும் அங்கிருந்து நகரவில்லை.

அரைமணி கழித்து மூடியைத் திறந்த டாக்டரம்மா, "நீங்களே படிச்சுச் சொல்லுங்க," என்றார்.

எனக்கா படிக்கத் தெரியாது? மத்தாப்புப் பெட்டிகளை நிறத்தை வைத்தே பிரித்து அடுக்கியவள். குனிந்து பார்த்தேன். நாலாவது குழாய், நல்ல எலுமிச்சம்பழ மஞ்சள். பெட்டி வேலை செய்திருக்கிறது. முதல் குழாய் ரோஸ். சந்தேகத்துக்கு இன்னொரு தரம் பார்த்தேன். ரோஸேதான்.

"ஆட்டுக்கொல்லி இல்ல," என்று ஊருக்கே கேட்கிற மாதிரி படித்தேன். "ரெண்டாவதும் ரோஸ். அம்மை இல்ல. மூணாவது மஞ்சள். வாய்ப்புண்ணு. சரியா தாயி?"

"நூத்துக்கு நூறு."

கருவேல முள் கீறிய இடத்தில் கிருமி ஏறியிருக்கிறதாம். ஆட்டைத் தனியாகக் கட்டி, மெத்தென்று இரை கொடுத்தால் சில வாரங்களில் ஆறிவிடும், மனுசர் கையிலும் ஒட்டும் என்பதால் தொட்டால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்று சொல்லிப் பெட்டியை மூடினார். போகும்போது வயரைத் தன் கையாலேயே கழற்றிக்கொண்டார்.

சாயங்காலம் படல் திறக்கிற சத்தம் கேட்டது. மதினி ஒரு சட்டிக் கஞ்சியை வாசலில் வைத்தாள்.

"ஆட்டுக்குத்தான். ஒங்களுக்கில்ல," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கருப்பு ஆடு மோந்து பார்த்து, நாக்கை நீட்டி, மெல்லக் குடிக்க ஆரம்பித்தது. நான் அடிபம்புக்குக் குடத்தை எடுத்தேன். படல் திறந்தே கிடந்தது.