பழைய பதிப்பைக் காப்பவள்

மலேசியாவில், மலாக்கா நகரின் காஜா பெராங்கில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் பெயர் மீனாட்சி. நெற்றியில் திருநீறு, நிலையில் மாவிலைத் தோரணம். வந்த புதிதில், “அக்கா, உங்க வீட்ல தண்ணி வருதா?” என்று கேட்டேன். சங்கடமாகச் சிரித்து, “தமிழ் தக் போலே லா” என்றார். தமிழ் வராதாம். மலாக்காச் செட்டிக் குடும்பம். பல தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கேயே வேர்விட்ட வணிகர்களின் வழிவந்தவர்கள். சாமி தமிழ்ச்சாமி; பேச்சு மலாய். அன்றிலிருந்து அவர் எனக்குக் காக் மீனா. காக் என்றாலும் அக்காதான்.

கணவருக்கு இங்கே தொழிற்சாலை வேலை. எனக்கு வாய்த்தது மனைவிக்கான விசா. சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. சென்னையில் பார்த்த வேலையில் என்னோடு வந்தது ஒன்றுதான்: யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஓர் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளின் பழைய பதிப்பைப் பராமரிக்கும் சம்பளமில்லாத பொறுப்பு. புதிய பதிப்பில் புதுமைகள் சேர்ப்பார்கள். பழையதை நம்பி நிஜமான இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும்; அதில் பழுதை மட்டும் நீக்க வேண்டும், வேறெதுவும் அசையக் கூடாது. சரியாகச் செய்தால், செய்ததே யாருக்கும் தெரியாது.

“கெர்ஜா ஆபா?” என்ன வேலை என்று காக் மீனா ஒருநாள் கேட்டார். தெரிந்த மலாயைத் திரட்டி, பழைய புரோகிராமை ‘ஜாகா’ செய்கிறேன் என்றேன். பார்த்துக்கொள்கிறேன் என்பது என் எண்ணம். இந்த ஊரில் ஜாகா என்றால் வாட்ச்மேனும்தான். என்னை மேலும் கீழும் பார்த்து, “பெண்களும் வாட்ச்மேன் வேலைக்குப் போகலாமா?” என்றார் மலாயில். விளக்கச் சொற்கள் இல்லாமல் தலையாட்டிவைத்தேன்.

அந்த மழைக்காலத்தில் மென்பொருளில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. வெளியாட்கள் உள்ளே நுழைந்துவிடலாம். என்னோடு பொறுப்பிலிருந்த ஜெர்மன்காரர் தோமாஸ், “பழைய பதிப்பை நிறுத்திவிடுவோம். எல்லாரும் புதியதற்கு மாறட்டும்” என்று மென்பொருளின் இணையப் பக்கத்தில் எழுதினார். அதன் கீழேயே கென்யாவின் ஒரு சிறுநகர மருத்துவமனையிலிருந்து ஜோசப் எழுதியிருந்தார்: “எங்கள் ரத்தப் பரிசோதனைக் கருவிக்குப் புதியது ஒத்துவராது. வேறு கருவி வாங்க வழியில்லை. தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.”

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பதிலெழுதினேன். தோமாஸ் கோபப்படவில்லை, வாழ்த்திவிட்டு விலகிக்கொண்டார். அதன் பிறகு அந்தப் பக்கத்தில் பொறுப்பாளராக என் பெயர் மட்டுமே இருந்தது.

புதிய பதிப்பின் திருத்தத்தைக் கொண்டுவந்து வைத்தால் பழையதில் ஒட்டவில்லை. அது சார்ந்திருந்த பகுதிகளே இதில் கிடையாது. முதலிலிருந்து எழுதினேன், சோதித்தேன், ஒன்று சரியானால் இன்னொன்று உடைந்தது. விடுமுறைக்குக் கணவர் நண்பர்களோடு பினாங்கு போனார். நான் போகவில்லை. ஒரு வழியாக வெளியிட்ட பிறகு ஜோசப்பிடமிருந்து ஒற்றைச் சொல் வந்தது: “ஓடுகிறது.”

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கணவருக்குப் போன் செய்தேன். பின்னால் ஒரே சிரிப்புச் சத்தம். “அப்படியா, நல்லதுப்பா. சாப்ட்டியா?” என்றார். வைத்துவிட்டேன்.

அந்த வாரம் காக் மீனா தம் வீட்டுப் பார்ச்சுக்கு அழைத்தார். பார்ச்சு என்றால் முன்னோருக்குப் படையல். வாழையிலைகளில் சோறும் கறியும் பழங்களும் பரப்பி, குடும்பமே கைகூப்பி நின்றது. திடீரென்று என் முழங்கையைத் தொட்டு முன்னே நகர்த்தினார். “நீ கூப்பிடு. அவர்கள் தமிழ் பேசியவர்கள். எங்கள் பேச்சு அவர்களுக்குப் புரியுமோ என்னவோ” என்றார் மலாயில்.

யாரென்றே தெரியாதவர்களை எப்படி அழைப்பது? எங்கள் திருநெல்வேலிப் பேச்சுதான் வாயில் வந்தது. “வாங்க, எல்லாரும் வந்து உக்காருங்க. பிள்ளைங்க ஆசையாச் சமைச்சிருக்காங்க. வயிறாரச் சாப்பிடுங்க.” இத்தனை மாதத்தில் இவ்வளவு தமிழை நான் யாரிடமும், கணவரிடம்கூட, ஒருசேரப் பேசியதில்லை.

காக் மீனா கண்மூடி நின்றார். ஒரு சொல்லும் அவருக்கு விளங்கியிருக்காது. ஆள் நிறைந்த அந்தக் கூடத்தில் என் பேச்சு புரிந்தது, அங்கே இல்லாதவர்களுக்கு மட்டும்தான்.