பதினொரு மணிக்கும் மூன்றரை மணிக்கும்

பதினான்கு பெண்களைச் சிறுநீர் கழிக்கப் போகவிடாமல் ஆறு ஆண்டுகள் நிறுத்தி வைத்தவள் நான். அது முதலாளியின் உத்தரவு என்று அவர்களிடம் சொன்னேன். பொய். அப்படி ஒரு விதி இருப்பதே அவருக்குத் தெரியாது.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் கிளேஸ் பிரிவுக்கு சூப்பர்வைசர். பத்தொன்பது ஆண்டுகளாக ஒரு நாள் விடாமல் டைரி எழுதுகிறேன். எத்தனை மணிக்கு எழுந்தேன், எந்தத் தொட்டியில் எவ்வளவு கரைத்தோம், யார் வந்தார்கள், யார் வரவில்லை... எல்லாம் இருக்கும். அடித்தல் திருத்தல் இருக்காது.

விதி பிறந்த நாளும் அதில் இருக்கிறது. கிளேஸ் என்பது பீங்கானுக்குப் பளபளப்பு தரப் பூசும், பாலைப் போன்ற ஒரு கரைசல். கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் விட்டால் கனமானது அடியில் படிந்துவிடும். அன்று தொட்டியைக் கலக்கிக்கொண்டிருந்தவள் பாத்ரூம் போய்விட்டாள். மற்றவர்கள் கவனிக்காமல் ஃபியூஸ் கட்டைகளை முக்கி முக்கி எடுத்தார்கள். ஒரு வண்டிச் சரக்கு சூளையிலிருந்து திட்டுத் திட்டாக வெளுத்து வந்தது. முதலாளி ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

மறுநாள் காலை அறிவித்தேன். பதினொரு மணிக்கு ஒரு முறை, மூன்றரை மணிக்கு ஒரு முறை. நடுவில் யாரும் தொட்டியை விட்டு நகரக் கூடாது. இன்னொருத்தியைக் கலக்கச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை? தோன்றியது. அது ஒழுங்காக இருக்காது என்று ஒதுக்கினேன். முகம் சுளித்தவர்களிடம், "மேல சொல்லிட்டாங்க, நான் என்ன பண்றது" என்றேன்.

நானும் அதே விதிப்படிதான் இருந்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு. நானே இருக்கும்போது அவர்களுக்கு என்ன... இதுதான் என் நியாயம்.

பரிதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவாள். வயது முப்பத்தைந்து இருக்கும். கணவர் துபாயில். போன ஆண்டு ஒரு நாள் பத்து இருபதுக்கு என்னிடம் வந்து, "அக்கா, ஒரு நிமிஷம் போயிட்டு வந்துடறேன்" என்றாள். நான் கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் நாப்பது நிமிஷம்" என்றேன். திரும்பிப் போய் நின்றாள். பத்து நாற்பது இருக்கும்... பக்கத்தில் இருந்த தண்ணீர் வாளியைத் தூக்கித் தன் மேலேயே கவிழ்த்துக்கொண்டாள். சேலை, தரை எல்லாம் ஈரம். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு மட்டும் தெரிந்துவிட்டது, அவள் எதை மறைப்பதற்காகக் கவிழ்த்தாள் என்று.

அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒடம்பு சரியில்லன்னா பாத்ரூமுக்குப் போயிட்டு வர வேண்டியதுதானம்மா. யாரு புடிச்சி வச்சிருக்கா?" என்றார். பரிதா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்த நொடியில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. குனிந்து வாளியை நிமிர்த்தி வைத்தாள்.

அன்று மாலை டைரியில் எழுதினேன்: "பரிதா வாளியைக் கவிழ்த்தார். தரை கழுவப்பட்டது." ஒவ்வொரு சொல்லும் உண்மை!

நான்கு மாதம் முன்பு அவள் வேலைக்கு வருவதை நிறுத்தினாள். ஏன் என்று நான் விசாரிக்கவில்லை.

இனி என் கதை. ஓராண்டில் மூன்று முறை நீர்க்கடுப்பு. மாத்திரை போட்டால் அடங்கும், மறுபடி வரும். போய்விட்டு வந்தாலும் இன்னும் பாக்கி இருப்பதுபோல் ஓர் உணர்வு. தும்மினால் சொட்டும். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரம்மா யூராலஜிஸ்டிடம் போகச் சொன்னார். அது ஆண்களுக்கான டாக்டர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நீங்களும் அப்படி நினைத்துத் தள்ளிப்போட்டால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். அங்கே காத்திருந்தவர்களில் பாதிப் பேர் பெண்கள்.

அந்த யூராலஜிஸ்ட் சனிக்கிழமைகளில் மட்டும் வெளியூரிலிருந்து வருகிறவர். ஒரு தாளில் எல்லாம் எழுதிக்கொண்டு போனேன். எப்போதிலிருந்து, ஒரு நாளைக்கு எத்தனை முறை, என்னென்ன மாத்திரை. காத்திருக்கும் இடத்தில் காலியாக ஒரே ஒரு நாற்காலி இருந்தது. அதற்குப் பக்கத்து நாற்காலியில் பரிதா.

திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். அதற்குள் பார்த்துவிட்டாள்.

"அக்கா... நீங்களுமா? வாங்க, ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். மெலிந்திருந்தாள். அவளுக்கு அது மூன்றாவது வருகையாம்.

"மொதத் தடவையா? பயப்படாதீங்க. மொதல்ல ஒரு டப்பா குடுப்பாங்க. ஆரம்பத்துல வர்றத விட்டுட்டு நடுவுல புடிக்கணும். அப்பறம் தண்ணி குடிக்கச் சொல்லி ஸ்கேன் எடுக்கற வரைக்கும் அடக்கிட்டு ஒக்கார வப்பாங்க. அது நமக்கு என்ன புதுசா? நம்ம கம்பெனிக்காரிங்கள அதுல யாரும் அடிச்சிக்க முடியாது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்க முயன்றேன்.

"உனக்கு என்னம்மா?" என்று கேட்டேன்.

"ரெண்டு தடவ குளிர் ஜுரம். கிருமி கிட்னி வரைக்கும் ஏறிடுச்சாம். ஒரு பக்கம் கொஞ்சம் சுருங்கியிருக்குதுன்னு சொல்றாங்க. அவருகிட்ட இன்னும் சொல்லலக்கா. சொன்னா வேலய விட்டுட்டு ஓடியாந்துடுவாரு."

சுருங்கியிருக்கிறது... அவள் பஸ் தாமதமாக வந்ததைச் சொல்வதுபோல்தான் அதையும் சொன்னாள்.

முன்பே டோக்கன் போட்டிருந்ததால் முதலில் என்னை அழைத்தார்கள். டாக்டர் என் தாளை வாங்கி முழுவதும் படித்தார். கேள்விகள் கேட்டார். எரிச்சல் உண்டா, ரத்தம் கலந்து போனதா, எத்தனை பிரசவம், சர்க்கரை இருக்கிறதா. கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் காய்ச்சலைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டார், அதனால் சொல்ல முடிந்தது. துணி மறைப்புக்குப் பின்னால் படுக்கவைத்து, நர்ஸம்மா உடனிருக்க, வயிற்றில் பசையைத் தடவி ஸ்கேன் பார்த்தார். வலி இல்லை. பாத்ரூம் போய்விட்டு வரச் சொன்னார். வந்ததும் மறுபடி பார்த்தார்.

"போயிட்டு வந்த பிறகும் உள்ள நூத்தி எண்பது மில்லி நிக்குதும்மா. மூத்திரப் பை தளர்ந்திருக்கு போல. அதான் கிருமி திரும்பத் திரும்ப வருது. பல வருஷம் அடக்கி அடக்கி வச்சாலும் இப்படி ஆகலாம். வேற காரணம் இருக்கான்னும் பாக்கணும், ரத்தம் குடுத்துட்டுப் போங்க. வேலை செய்யற எடத்துல அடக்குவீங்களா?"

"ஆமாங்க டாக்டர்."

"ஏம்மா?"

கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். உண்மையைச் சொல்ல ஒரு நொடி போதும். நானே போட்ட விதி டாக்டர்... அவ்வளவுதான். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"மொதலாளி விடமாட்டாருங்க. ரெண்டே வேளைதான். செராமிக் கம்பெனி டாக்டர், அப்பிடித்தான் இருக்கும். எல்லாப் பொம்பளைங்களும் அடக்கிக்கிட்டுதான் நிக்கிறோம்."

நிக்கிறோம் என்றேன். அவர்களோடு என்னையும் சேர்த்துக்கொண்டேன். குரல் கூடத் தழுதழுத்தது!

வயிற்றைத் துடைத்துக்கொண்டு மறைப்பை விலக்கினேன். டாக்டரின் மேசை அருகே, ஸ்டூலில், பரிதா உட்கார்ந்திருந்தாள். ஒருவரைப் பார்த்து முடிப்பதற்குள் அடுத்தவரை உள்ளே உட்காரவைப்பது நம் ஊர் ஆஸ்பத்திரி வழக்கம்தானே. எனக்கு அது எப்படி மறந்துபோனது? எத்தனை நிமிடமாக இருக்கிறாள்? அவள் மடியில் கிடந்த ஃபைலின் மேல் இரண்டு கைகளும் அசையாமல் இருந்தன.

டாக்டர் அவளைப் பார்த்து, "நீங்களும் செராமிக்தானே சொன்னீங்க? அதே கம்பெனியா? இவங்க சொல்றது சரியா? யாரு விடலன்னு போன தடவ கேட்டப்ப நீங்க வாயே திறக்கலையே" என்றார்.

சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சொல்லிவிட மாட்டாளா என்றும் நினைத்தேன்... இந்த இரண்டாவதை நீங்கள் நம்ப வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை.

பரிதா என்னைப் பார்த்தாள்.

"அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும் டாக்டர். அவங்க எல்லாத்தயும் எழுதி வக்கிறவங்க."

குரலில் கோபம் இல்லை. கேலி இருந்ததா? எத்தனையோ முறை யோசித்துவிட்டேன், தெரியவில்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

டாக்டர் தன் தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்தார். வேலை செய்யும் பெண்களைத் தேவைப்படும்போது போகவிட வேண்டும், போதுமான அளவு தண்ணீர் குடிக்கவிட வேண்டும் என்று. "உங்க முதலாளிகிட்ட குடுங்க. கேக்கலன்னா எனக்குச் சொல்லுங்க, நானே பேசறேன்." எனக்கு ஒரு அட்டவணையும் தந்தார். மூன்று நாளைக்குக் குடித்த அளவு, போன நேரம், போன அளவு எல்லாம் குறித்துக்கொண்டு அடுத்த சனிக்கிழமை வர வேண்டும். தண்ணீரைக் குறைக்காதீர்கள் என்று இரண்டு முறை சொன்னார்.

பரிதாவுக்காக நான் வெளியே காத்திருக்கவில்லை. ரத்தம் கொடுத்துவிட்டு, நடந்தேன் என்று சொல்ல முடியாது, ஓடினேன்.

முதலாளிக்கு எழுதிய கடிதம் அவரிடம் போகவில்லை. கொடுத்தால், "யாரும்மா விடமாட்டேன்னது?" என்று முதலில் என்னைத்தான் கேட்பார்.

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு எல்லாரையும் கூப்பிட்டேன். நேராகச் சொல்லிவிடுவது என்றுதான் வீட்டிலிருந்து கிளம்பினேன். பதின்மூன்று முகங்கள். "இனிமே எப்ப வேணும்னாலும் போயிட்டு வாங்க. தொட்டிய பக்கத்துல இருக்கறவங்க கலக்கிக்குங்க" என்றேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "மொதலாளி சொல்லிட்டாரு" என்று என் வாய் சேர்த்துக்கொண்டது.

"அப்பாடா, மகராசன், அந்தாளு நல்லா இருக்கட்டும்" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, "பரிதா இருந்திருந்தா மொத ஆளா ஓடியிருப்பா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் கடைசித் தொட்டியில் நிற்கும் செல்வி என்னிடம் கேட்டாள்.

"ஏங்கக்கா, பாத்தா நல்ல மனுசனாத்தான் தெரியறாரு. இத்தன வருசம் ஏன் நம்மள விடாம வச்சிருந்தாரு?"

"தெரியலம்மா" என்றேன்.