இயக்குநரின் பெரிய கேள்வி

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. அவளைவிட மூத்தவரான மேலாளருக்கும் அக்காதான். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. வீட்டிலிருந்தபடியே நொடியில் டாக்டரிடம் நேரம் வாங்கலாம் என்று முகப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். காலை வேளையில் அந்த நொடி கொஞ்சம் நீளம். தேதியைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினால் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். நோயாளிக்குத் தலை சுற்றும்வரை நிற்காது. கடைசியில் வெள்ளைத் திரை.

புகார்கள் குவிந்ததும் மேலாளர் மண்டையைக் குடைந்து ஒரு தீர்வு கண்டார்.

"வட்டத்த நீலமாக்கிடுங்க அக்கா. நீலம் மனசுக்கு இதம்."

நீலமாக்கினாள். மக்கள் இதமாகக் கடுப்பானார்கள்.

வீட்டிலும் தப்பிக்க வழியில்லை. கண் டாக்டரைப் பார்க்க வேண்டிய மாமியார், போனைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் குத்து குத்தென்று குத்திக்கொண்டிருந்தார்.

"ஒரு தடவ அழுத்தினா போதும் அத்தை. நீங்க அழுத்த அழுத்த, டாக்டருக்கு நேரம் இருக்கான்னு அதே கேள்வி திரும்பத் திரும்பப் போய் வரிசையில நிக்கும்."

"அத அங்கயே சொல்லித் தொலைக்கலாம்ல? சும்மா சுத்தவிட்டா, உயிரோட இருக்கா செத்துடுச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அக்காவுக்குச் சுருக்கென்றது.

எந்தக் கேள்வி இப்படி இழுக்கிறது என்று மறுநாள், பதிவுகளையெல்லாம் சேர்த்து வைத்திருக்கும் தரவுத்தளத்துக்குள் புகுந்து பார்த்தாள். நோயாளிகள் நிரபராதிகள். ஆஸ்பத்திரி இயக்குநர்தான் தினமும் காலையில் வந்து உட்கார்ந்ததும், ஆஸ்பத்திரி திறந்த நாளிலிருந்து வந்துபோன அத்தனை பேரின் அறிக்கையையும் கேட்டுக்கொண்டிருந்தார். தரவுத்தளம் எல்லாப் பதிவுகளையும் அடியிலிருந்து புரட்ட, மற்றவர்கள் பின்னால் காத்துக் கிடந்தார்கள்.

"அவர்கிட்ட யாரு சொல்றது?" மேலாளருக்கு வியர்த்தது.

"நாம எதுக்கு சார்? தளமே சொல்லட்டும்."

யார் கேட்ட கேள்வியானாலும் சில நொடிக்குமேல் இழுத்தால் அதை நிறுத்திவிடும்படி செய்தாள். பொத்தான் ஒருமுறை அழுத்தியதும் மங்கிவிடும். பதில் வராவிட்டால், 'இப்போது கூட்டம் அதிகம். உங்கள் பதிவு நடக்கவில்லை. நீங்கள் நிரப்பியது அப்படியே இருக்கிறது. சற்றுப் பொறுத்து முயலுங்கள்' என்று பச்சைத் தமிழில் வரும். அறிக்கை கேட்பவருக்கு, 'கேள்வி மிகப் பெரியது. சுருக்கிக் கேளுங்கள்' என்று வரும்.

"நம்மால முடியலன்னு நாமளே ஒத்துக்கணுமா?" என்றார் மேலாளர்.

"இப்ப மட்டும் யாருக்கும் தெரியாதா சார்?"

அடுத்த நாள் காலை இயக்குநரே போனில் வந்தார். "என் கேள்வி ரொம்பப் பெருசாம். சுருக்கிக் கேக்கணுமாம். எழுதினது யாரு?"

மேலாளர் பெருந்தன்மையோடு போனை அக்காவிடம் நீட்டினார்.

"நான்தான் சார். ஒரு மாசத்துக்கு மட்டும் கேட்டுப் பாருங்க."

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"வந்துடுச்சு," என்றார் இயக்குநர், எதையோ பறிகொடுத்தவர்போல.

காலை நெரிசல் கரைந்தது. மாமியாருக்கு நேரம் கிடைத்தது. "நாங்க துணிஞ்சு எடுத்த முடிவு" என்று மேலாளர் கூட்டத்தில் பேசிக் கைதட்டல் வாங்கினார். அக்காவும் தட்டினாள்; சும்மா சொல்லக்கூடாது, பேச்சு நன்றாகத்தான் இருந்தது.

அந்த வாரமே இயக்குநரின் செயலாளர் அழைத்தார்.

"அக்கா, அறிக்கை உடனே வந்துடறதால ஐயா அத உக்காந்து படிக்க வேண்டியதாப் போச்சு. கொஞ்சம் மெதுவா வர்ற மாதிரி பண்ண முடியுமான்னு கேக்கறாரு."