குப்பம்மாள் இறங்கிய நிறுத்தம்

யாராவது சத்தமாகப் பெயரும் ஊரும் கேட்டால் ராஜகுமாரிக்கு இன்றைக்கும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வயது ஐம்பதை நெருங்குகிறது. செண்பகனூரில் ஒரு மாணவர் விடுதிச் சமையலறையில் இருபது வருடமாக வேலை பார்க்கிறாள். ரேஷன் கடையில் சொந்த ஊர் கேட்டால் "திண்டுக்கல் பக்கம்" என்பாள். பிறந்தது இலங்கையில், ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில், லயத்தில் என்பது அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியாது.

மகள் நதியா சென்னையில் அனிமேஷன் படித்தவள். அம்மாவின் சிறுபிராயத்தை வரைந்து பத்து நிமிடப் படமாக்கப் போகிறேன், முழுக்க அம்மாவின் குரல்தான் என்று சொன்னதும் ராஜகுமாரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"வேணாம்டி. யாராச்சும் விசாரிச்சுக்கிட்டு வருவாங்க."

"யாரும்மா வருவா? நாப்பது வருசம் ஆச்சு."

யார் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. வந்துவிடுவார்கள் என்று மட்டும் தெரியும்.

ஆனாலும் மகள் கேட்டுக் கேட்டு இணங்க வைத்தாள். வெளிச்சத்தம் வராமல் ஜன்னலில் கம்பளி கட்டி, நான்கு மத்தியானங்கள் பதிவு செய்தாள். ராஜகுமாரி லயத்தைச் சொன்னாள். மலைச் சரிவில் அம்மா கொழுந்து பறித்ததையும், எண்பத்து மூன்றில் கடைகள் எரிந்ததையும், மறுவருடம் கப்பலேறி மண்டபம் முகாமுக்கு வந்ததையும் சொன்னாள். கலவர நாளில் போன பஸ் பயணத்தை மட்டும் அவளுடைய அப்பா ஊருக்கெல்லாம் சொன்ன மாதிரியே சொன்னாள். அத்தை குப்பம்மாளும் தங்களோடுதான் வந்தாள், நடுவில் ஒரு நிறுத்தத்தில் வெற்றிலை வாங்க இறங்கினாள், திரும்பி வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து நதியா மடிக்கணினியைக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்தாள். கோட்டு ஓவியங்கள் அசைந்தன. பஸ் நின்றது. பழைய புகைப்படத்தைப் பார்த்து வரைந்திருந்த குப்பம்மாள் சிரித்தபடி எழுந்தாள், படியில் இறங்கினாள், சின்னப் பெண்ணைப் பார்த்துக் கையசைத்தாள்.

ராஜகுமாரி அடுப்பை அணைத்தாள். வாயால் சொன்னபோது அது வெறும் சொல்லாக இருந்தது. இப்போது அத்தை உண்மையாகவே சிரித்துக்கொண்டு இறங்குகிறாள்.

"செல்வமுருகன் மாமாவுக்குத்தாம்மா முதல்ல காட்டணும்" என்றாள் நதியா. "அவுக அம்மா நடக்குறதப் பாத்தா சந்தோசப்படுவாருல்ல?"

செல்வமுருகன் குப்பம்மாளின் மகன். தாண்டிக்குடியில் காப்பித் தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டுகிறான். அம்மா தொலைந்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. லயத்திலேயே சித்தப்பாவோடு இருந்துவிட்டு, பல வருடம் கழித்துத்தான் இந்தியா வந்தான். இத்தனை வருடத்தில் எத்தனை பேரிடம் கடிதம் கொடுத்துத் தேடியிருப்பான்!

"அத்தான்கிட்டக் காட்டாத" என்றாள் ராஜகுமாரி. "மொதல்ல நான் போயிட்டு வாரேன்."

மறுநாள் வெள்ளனே தாண்டிக்குடிக்குக் கிளம்பினாள். பெருமாள்மலை தாண்டியதும் மூடுபனி கண்ணாடியை அடைத்தது. ஒரு வளைவில் பஸ் சட்டென்று நின்றது. சீருடை போட்ட இரண்டு பேர் ஏறி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். மலையில் தடை செய்த பிளாஸ்டிக் பாட்டிலுக்கான சோதனைதான். ஆனால் அவள் முகத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டாள். "பையில என்னம்மா?" என்று கேட்டவரிடம் பையையே நீட்டினாள். அவர்கள் இறங்கிப் போன பிறகு பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

செல்வமுருகன் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். "என்ன புள்ள, சொல்லாமக் கொள்ளாம?" என்று சிரித்தான்.

நின்றபடியே சொன்னாள். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று பட்டது.

"அத்த வெத்தல வாங்க எறங்கல அத்தான். சிங்கள ஆளுக பஸ்ஸ மறிச்சு ஏறுனாங்க. கையில ஒரு வாளி. தமிழாளு யாருன்னு பாக்க, அதுக்கு அவுங்க பாசையில பேர் சொல்லச் சொல்லி ஒவ்வொருத்தரா கேட்டாங்க. அப்பா சிங்களக் கடையில வேல பாத்தவரு, சொல்லிட்டாரு. நானும் சொல்லிட்டேன். அத்தைக்கு வரல."

அவன் கையிலிருந்த குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"அத்தையக் காட்டி, இவ ஒன் ஆளான்னு என்னயக் கேட்டாங்க. அப்பா என் தோள நசுக்குனாரு. நான் இல்லன்னுட்டேன். எட்டு வயசு எனக்கு. இல்லன்னு அவுங்க பாசையிலயே சொன்னேன்."

"அம்மா ஒன்னப் பாத்துச்சா?"

"பாக்கல. இழுத்து எறக்குறப்பக்கூடத் திரும்பல. பாத்தா நாங்களும் மாட்டிருவோம்னு நெனச்சிருக்கும்."

அவன் குழாயை அடைத்தான்.  பிறகு, "இம்புட்டு வருசமா ஒரு தெவசம் குடுக்கல" என்றான். "உசுரோட இருந்தா பாவமாப் போயிருமேன்னு குடுக்கல. மாமாவும் நீயும் சேந்து என்னய இப்பிடி வச்சிருந்தீங்களா?"

"அத்தான்..."

"போ புள்ள. வெரசாப் போயிரு. வாயில ஏதாச்சும் வந்துரும்."

மூன்று வாரம் போன் மணி அடிக்கும்போதெல்லாம் அவள் நதியாவையே எடுக்கச் சொன்னாள். நதியாவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.  நதியா பஸ் காட்சியை அழித்துவிட்டுப் புதிதாக வரைந்தாள். ஜன்னலில் கம்பளியைக் கட்டி அம்மாவை மறுபடி பேசவைத்தாள். அந்த "இல்ல" என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் ஒரு பகல் முழுக்க ஆனது.

பிறகு செல்வமுருகனே கூப்பிட்டான். "ஆடி அமாவாசைக்குச் சண்முகநதிக்கு வா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

பழனிக்கு இறங்கும் வழியெல்லாம் அவளுக்குப் பயம். அவன் சொந்தக்காரர்கள் முன்னால் வைத்துக் கேட்பானோ? ஆற்றங்கரையில் அவன் தனியாகத்தான் இருந்தான். பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டான். நடுவில் திரும்பி, "அன்னைக்கு என்ன கெழம?" என்று கேட்டான்.

"புதங்கெழம. பொழுது சாயுற நேரம்."

அந்தக் கிழமை தெரிந்தவர்களில் உயிரோடிருப்பது அவள் ஒருத்திதான். அவன் தலையாட்டிவிட்டு நீரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். 

மார்கழியில் கொடைக்கானலில் ஒரு சின்னக் கூடத்தில் படத்தைத் திரையிட்டார்கள். நாற்பது பேர் இருப்பார்கள். செல்வமுருகன் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தான். பஸ் வந்ததும் ராஜகுமாரி கண்ணை மூடிக்கொண்டாள். இருட்டில் தன் குரல் "இல்ல" என்று சொல்வதைத் தானே கேட்டாள். கதவை உடைத்துக்கொண்டு யாரோ உள்ளே வரப்போவது போல உடம்பெல்லாம் காதாக இருந்தது. யாரும் வரவில்லை. முன்வரிசையில் ஒருவர் இருமினார், அவ்வளவுதான்.

விளக்கு எரிந்ததும் செல்வமுருகன் நதியாவிடம் வந்தான்.

"எங்கம்மா அன்னைக்குக் கட்டியிருந்த சீல பச்சையில்ல. ஊதா. நான்தான் கொடியிலருந்து எடுத்துக் குடுத்தேன்."

நதியா அம்மாவைப் பார்த்தாள். ராஜகுமாரி, "ஆமா, ஊதாதான்" என்றாள்.

"மாத்திரு" என்று சொல்லிவிட்டு அவன் ஜீப்பை நோக்கி நடந்தான். மாற்றி முடிக்க நதியாவுக்குப் பதினோரு நாள் பிடித்தது.